தமிழ் வகுப்பில் மட்டும் மேசைக்கு அடியில் போய் உட்காருகிறான்

கேள்வி: 3 பிப்ரவரி 2025, இரவு 9.52

சிங்கப்பூரில் இருக்கிறோம், மகன் தொடக்கநிலை மூன்று (மூன்றாம் வகுப்பு). ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். நன்றாகப் பேசுவான், படிப்பான், சத்தமும் திடீர் மாற்றமும்தான் ஆகாது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் எல்லாவற்றிலும் ஓரளவு சமாளிக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொல்கிறார். தமிழ் வகுப்பில் மட்டும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கூப்பிட்டால் வருவதில்லை, கையைப் பிடித்தால் கத்துகிறான். டைரியில் அடிக்கடி குறிப்பு வருகிறது. வீட்டில் பாட்டியோடு தமிழில்தான் பேச்சு, அதனால் தமிழ் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவன் அப்பா, தமிழிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு 11.15

நான் தமிழாசிரியை, இப்போது அட்ஜங்க்டாக (ஒப்பந்த ஆசிரியராக)ப் பாதி நாள் வேலை. விலக்கு விஷயத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம், அது பெரிய கதை. முதலில் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் அடியில் போகிறான்? ‘எப்பவுமே இப்படித்தான்’ என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பிள்ளையும் எதையும் எப்பவுமே செய்வதில்லை. உள்ளே வந்ததுமா, நடுவிலா, எழுதச் சொன்னபோதா, ஜோடியாக வாசிக்கச் சொன்னபோதா, அவன் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தபோதா? கேட்கும்போது குறை சொல்கிற தொனி மட்டும் வேண்டாம். அவரும் ஒற்றை ஆளாகத்தான் சமாளிக்கிறார்.

4 பிப்ரவரி, மாலை 5.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது, இப்போது கொஞ்சம் விளக்கமாக.

மற்ற வகுப்பில் ஒழுங்காக இருக்கும் பிள்ளை தமிழ் வகுப்பில் மட்டும் ஏன் இப்படி என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் ‘தமிழ் கஷ்டம்’, ‘தமிழ் டீச்சர் கண்டிப்பில்லை’ என்ற இரண்டு பதிலில் ஒன்றுதான் வரும். ஆனால் நம் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். காலையிலிருந்து ஒரே அறை, ஒரே இருக்கை, பக்கத்தில் அதே பிள்ளை, சுவரில் அதே அட்டவணை. மணி அடித்ததும் சீனம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருக்க, நம் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் புத்தகம், கோப்பு, பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறி வேறு அறைக்கு ஓடுகிறார்கள். அங்கே வேறு மூன்று வகுப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள். சற்று முன்னால் அந்த அறையில் வேறு யாருக்கோ பாடம் நடந்திருக்கும், நாற்காலிகள் இடம் மாறியிருக்கும், வெண்பலகையில் பாதி அழித்த எழுத்து இருக்கும். ஆசிரியரும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூச்சு வாங்க வந்து மடிக்கணினியைப் பொருத்திக்கொண்டிருப்பார். முதல் ஐந்து நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

சாதாரணப் பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிஷம் கொண்டாட்டம். திடீர் மாற்றம் ஆகாத பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உள்ளே வரும்போதே அவன் பாதி நொந்துபோய்த்தான் வருகிறான், பாடம் தொடங்குவதற்கு முன்பே.

இதோடு இன்னொன்று. வகுப்பாசிரியருக்கு உங்கள் மகனைப் பற்றி எல்லாம் தெரியும். அறிக்கை படித்திருப்பார், எஸ்இஎன் அதிகாரியோடு (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு உதவப் பள்ளியில் இருப்பவர்) பேசியிருப்பார், அவனுக்கு உதவும் குறிப்புகளோடு மேசையில் ஒரு அட்டை ஒட்டியிருப்பார். அந்த அட்டை வகுப்பறை மேசையிலேயே இருந்துவிடுகிறது, தமிழ் அறைக்குப் போவதில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு ஆட்டிசம் என்பதே பாதி தவணை கழிந்து யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேண்டுமென்று யாரும் மறைப்பதில்லை, தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு வந்து சேருவதில்லை, அவ்வளவுதான்.

4 பிப்ரவரி, இரவு 10.05

‘அடியாத மாடு படியாது’ என்று மேலே ஒருவர் பழமொழி போட்டிருக்கிறார். ஐயா, மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரம்படிக்கு விதி இருக்கிறது: ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோ மட்டும், மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடுப்புக்கு மேலே பின்புறத்திலோ. பெரிய குற்றங்களுக்குக் கடைசிக் கட்டமாக வைத்திருப்பது அது. சத்தம் தாங்காமல் மேசைக்கு அடியில் போகும் ஒன்பது வயதுப் பையனுக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? சத்தம் தாங்குவது எப்படி என்று பிரம்பு சொல்லித் தராது.

6 பிப்ரவரி, மாலை 4.40

அம்மா, நீங்கள் கேட்டு வந்த பதில் அருமை. இடைவேளை முடிந்து தமிழ் வரும் நாட்களில்தான் அடியில் போகிறான், காலையில் முதல் பாடமாகத் தமிழ் இருக்கும் நாளில் பிரச்சினை இல்லை. பாருங்கள், ‘எப்பவுமே’ எங்கே போயிற்று!

இடைவேளை என்றால் சிற்றுண்டிச்சாலை. சில நூறு பிள்ளைகள், கூரைக்கு அடியில் எதிரொலி, தட்டு விழும் சத்தம், வரிசையில் தள்ளுமுள்ளு. அங்கிருந்து நேராகப் படியேறி அந்தக் குழப்பமான அறைக்கு. மேசைக்கு அடியில் இருட்டு, மூன்று பக்கமும் மறைப்பு, யாரும் இடிக்க முடியாது. அவன் நிலையில் இருந்தால் நானும் போவேன், முட்டி விடாது என்பதுதான் தடை.

இனி ஒரு சின்ன வேலை. தாளில் மூன்று பத்தி போட்டு ஆசிரியரிடம் கொடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. நடத்தை பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் முதலில் எடுப்பது இந்தத் தாளைத்தான். மூன்றாவது பத்தியில்தான் பல ஆசிரியர்கள் திடுக்கிடுவார்கள். பையன் கத்தினான், வெளியே நிற்க வைத்தேன். சரி, அவனுக்கு என்ன கிடைத்தது? அமைதியான தாழ்வாரம், எழுத வேண்டிய பயிற்சித்தாளிலிருந்து விடுதலை. நாளைக்கும் கத்துவான், ஏன் மாட்டான்?

ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். பயிற்சித்தாளைக் கிழித்துப் போடுவாள், திமிர் என்று எல்லோருக்கும் முடிவாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ‘ண’ எழுதுவாள், சுழி ஒன்று கூடிவிடும், அழிப்பாள். மறுபடி எழுதுவாள், சுழி குறையும், அழிப்பாள். எங்கள் பள்ளித் தாள் மெல்லிசு, நாலாவது தடவை அழிக்கும்போது ஓட்டை விழும். ஓட்டை விழுந்த தாளை அவளால் பார்க்கவே முடியாது, அப்போதுதான் கிழிப்பாள். தப்பான எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று காட்டிக் கொடுத்தேன். முதல் நாள் அந்தக் கோட்டையும் ஸ்கேல் வைத்துத்தான் போட்டாள். போகட்டும், கிழிப்பது நின்றது.

9 பிப்ரவரி, காலை 11.20

ஆசிரியரிடம் என்ன கேட்கலாம் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே.

இடைவேளை முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவன் கிளம்பிவிடட்டும். தனியாக வேண்டாம், பிடித்த ஒரு நண்பனோடு. இருவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், தமிழ் அறையின் மின்விசிறியைப் போட்டு வெண்பலகையை அழிப்பது போல. வேலை இருந்தால் அது சலுகையாகத் தெரியாது, மற்ற பிள்ளைகள் பொறாமைப்பட மாட்டார்கள். பொறாமைப்படுவார்கள்தான், ஆனால் முறை வைத்துக் கேட்பார்கள், அது வேறு விஷயம். பள்ளிகளில் ‘நண்பர் வட்டம்’ என்று சக மாணவர்களைப் பழக்கி ஒரு பிள்ளைக்குத் துணையாக வைக்கும் முறை இருக்கிறது, உங்கள் பள்ளியிலும் இருக்கிறதா என்று எஸ்இஎன் அதிகாரியைக் கேளுங்கள். இருந்தால் அதில் ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். வட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சீன வகுப்புக்குப் போய்விட்டால் தமிழ் அறையில் இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

இருக்கை ஒன்றே இருக்க வேண்டும், மாறக்கூடாது. சுவரோரம், கதவுக்குப் பக்கத்தில் இல்லாமல். நாற்காலிக்குப் பின்னால் அவன் பெயர் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

முதல் ஐந்து நிமிஷம் தினமும் ஒரே வேலை. என் வகுப்பில் பலகையில் ஐந்து சொல் இருக்கும், வந்தவர்கள் வந்தபடி எழுத வேண்டியதுதான். பாடத்திட்டத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை, ஆனால் அறைக்குள் வரும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

பிறகு அந்த மேசைக்கு அடி. அதைத் தடை செய்யாதீர்கள் என்றால் ஆசிரியர் என்னை அடிக்க வருவார். ஆனாலும் சொல்கிறேன், அந்த இடத்துக்கு மாற்றாக வேறொன்றைக் கொடுக்காமல் அதைப் பிடுங்கினால் அவன் கழிவறைக்கு ஓடுவான், அங்கே போய்த் தேடுவது இன்னும் பெரிய வேலை. அறையின் மூலையில் ஒரு பாய், அலமாரிக்குப் பின்னால். கையைத் தூக்கி ஒரு அட்டையைக் காட்டினால் மணல் கடிகாரம் தீரும் வரை அங்கே இருக்கலாம். அட்டை காட்டுவதுதான் முக்கியம், ஏனென்றால் ‘எனக்கு முடியவில்லை’ என்று கேட்கப் பழகுவதுதான் நாம் கற்பிக்கும் பாடம். ஆரம்பத்தில் நாள் முழுக்க அட்டை காட்டுவான், காட்டட்டும்.

11 பிப்ரவரி, இரவு 8.00

இன்றைக்குத் தைப்பூசம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் கோயிலுக்குப் போய்விட்டு அரைத் தூக்கத்தில். அப்பா காவடி எடுத்த கதையை ஒரு பையன் நடித்தே காட்டினான், நான் பாடம் நடத்தும்போது அவ்வளவு கவனம் கிடைத்ததில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன், இன்று உங்கள் மகன் அடியில் போகவே இல்லையாம். ஆள் குறைந்தால் சத்தம் குறைகிறது, அதனால்தான் என்று நினைக்கத் தோன்றும்.

11 பிப்ரவரி, இரவு 8.25

யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வரக்கூடாது. பாதி வகுப்பு இல்லாத நாளில் எந்த ஆசிரியரும் புதுப்பாடம் எடுக்க மாட்டார், பயிற்சித்தாளும் கொடுக்க மாட்டார். ஆள் குறைந்ததா, வேலை குறைந்ததா, எது காரணம் என்று ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. தாளில் எழுதி வையுங்கள், இன்னும் சில வாரம் பார்க்கலாம்.

15 பிப்ரவரி, பிற்பகல் 2.10

உயர்நிலை இரண்டு படிக்கும் பையன் தமிழ் வகுப்பில் ஓயாமல் ஜோக் அடிக்கிறான் என்று கேட்ட அண்ணனுக்கு. உங்கள் பையன் கதையே வேறு, ஆனால் நான் பார்த்த கதைதான்.

வாசிக்கச் சொன்னால் ஜோக் அடிப்பான், ஆசிரியர் குரலில் பேசிக் காட்டுவான், வகுப்பே சிரிக்கும், ஆசிரியர் கோபப்பட்டு ‘போய் நில்’ என்பார். பிறகு வாசிப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். அந்த மூன்றாவது பத்தியை மறுபடி பாருங்கள். வாசிக்காமல் தப்பித்ததுதான் அவனுக்குக் கிடைத்தது. என்னிடம் துணைப்பாடத்துக்கு வந்த ஒருவன் இப்படித்தான். தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால் நாலு எழுத்துக்கு மேல் உள்ள சொல் வந்ததும் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பான். ‘பொருளாதாரம்’ அவன் வாயில் ‘பொருத்தம்’ ஆகிவிடும். பதினான்கு வயதில் நண்பர்கள் முன்னால் வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட வம்புக்காரன் என்று பெயர் எடுப்பது மேல். அவன் கணக்கு சரியான கணக்கு.

நான் செய்தது இதுதான்: அடுத்த வகுப்பில் அவன் வாசிக்கப் போகும் பத்தியை முதல் நாளே கொடுத்துவிடுவேன், வாட்சாப்பில் குரல் பதிவோடு. வகுப்பில் அந்தப் பத்தியைத் தவிர வேறெதையும் அவனை வாசிக்கச் சொல்ல மாட்டேன், அவனுக்கும் அது தெரியும். ஜோக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, அவனுக்கு இயல்பாகவே வாய் ஜாஸ்தி, அதை நான் எதற்கு நிறுத்த வேண்டும்?

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் இதில் சேரும். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிதானே என்று நினைக்காதீர்கள், வகுப்பு முன்னால் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். நான் மேசைக்குக் கீழே விரல் மடக்கி எண்ணுவேன்.

16 பிப்ரவரி, இரவு 9.45

‘கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்றார்கள், விட்டேன், இரண்டு மடங்காகிவிட்டது’ என்று எழுதியவருக்கு: அப்படித்தான் ஆகும். கவனம் வேண்டிச் செய்யும் சேட்டையைக் கவனிக்காமல் விட்டால் முதலில் அது ஏறும், அப்புறம்தான் இறங்கும். ஏறும்போது நாம் பொறுமை இழந்து திரும்பிப் பார்த்தால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் டீச்சர் திரும்புவார் என்று கற்றுக்கொள்வான். அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாது என்று தோன்றினால் இந்த வழியைத் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கு அடிபடும் சேட்டைக்கும் இது ஆகாது. சத்தம் தாங்காமல் அடியில் போகும் பிள்ளைக்குச் சுத்தமாக ஆகாது, அவன் உங்கள் கவனத்தைக் கேட்கவே இல்லை.

கவனிக்காமல் விடுவது பாதி வேலை. மீதிப் பாதி, அவன் ஒழுங்காக இருக்கும் நொடியைப் பிடிப்பது. ‘குட் ஜாப்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. ‘கூப்பிட்டதும் புத்தகத்தை எடுத்துவிட்டாய்’ என்று நடந்ததைச் சொன்னால் போதும். நம் ஆட்களுக்குப் பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம் வேறு. புகழ வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள், திருஷ்டி வராது.

22 பிப்ரவரி, மாலை 6.30

வகுப்பில் சேட்டையைக் குறைக்கும் குழு விளையாட்டு பற்றி ஒரு இளம் ஆசிரியை கேட்டிருக்கிறார். 1969இல் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஒன்றில் செய்து பார்த்தது அது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, இடத்தை விட்டு எழுந்தால், குறுக்கே பேசினால் அந்த அணிக்கு ஒரு புள்ளி. புள்ளி குறைந்த அணிக்குச் சின்னச் சலுகை. இரண்டு அணியும் ஒரு வரம்புக்குள் இருந்தால் இரண்டுமே ஜெயித்ததாகக் கணக்கு. சேட்டை மளமளவென்று குறைந்தது. நானும் முல்லை, மருதம் என்று பெயர் வைத்துச் செய்தேன். பாலை அணி வேண்டும் என்று மூன்று பையன்கள் அடம் பிடித்தார்கள், காரணம் கேட்டால் ‘அங்கே யாரும் இல்லை, சத்தமே வராது, நாங்கள்தான் ஜெயிப்போம்’ என்றார்கள். ஐந்திணையை அவர்களுக்கு அதன் பிறகு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் டீச்சர், சேட்டைக்குப் பெயர்போன ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த விளையாட்டை யோசித்துச் செய்யுங்கள். அணி தோற்றதும் எல்லாக் கண்ணும் அவன் மேல் திரும்பும். அந்தக் கான்சஸ் வகுப்பிலேயே இரண்டு பேர் ஆட மாட்டோம் என்று நின்று, அவர்களை அணியிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. நான் அப்படிப்பட்ட பிள்ளையைப் புள்ளி போடுபவனாக உட்கார வைப்பேன். எழுந்து நடக்கவும் ஒரு காரணம் கிடைக்கும், புள்ளியில் அவர்கள் காட்டும் நேர்மை நமக்கே பயமாக இருக்கும். எனக்கே ஒரு புள்ளி விழுந்தது, நான் குறுக்கே பேசினேனாம்.

1 மார்ச், காலை 10.00

இப்போது விலக்கு.

தாய்மொழி விலக்கு இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு நிபுணர் அறிக்கையோடு பள்ளி வழியாகக் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சிலருக்கு அது உண்மையிலேயே தேவை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விலக்கு பெற்ற பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழ் இடம் காலியாக இருக்காது, 6 முதல் 8 வரையிலான ஒரு அடைவுநிலை அங்கே போடப்படும். நாலு பாடத்தையும் கூட்டித்தான் மொத்தம், எண் குறைந்தால்தான் நல்லது. வீட்டில் பாட்டியோடு சரளமாகப் பேசும் பிள்ளை அதைவிட நல்ல எண் எடுக்கலாம் என்பதை அவன் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், எண் பேசினால் அப்பாக்கள் கேட்பார்கள். பாடம் கஷ்டமாக இருந்தால் ஐந்தாம் நிலையில் அடிப்படைத் தமிழ் என்ற வழியும் உண்டு.

ஆனால் உங்கள் மகனுக்குத் தமிழ் பிரச்சினை இல்லை, இடைவேளைக்குப் பிந்திய பத்து நிமிஷம்தான் பிரச்சினை. அதற்காகத் தமிழை விட்டால் அதே நேரத்தில் அவன் வேறு ஏதோ அறையில் உட்காரப் போகிறான், அங்கேயும் இடைவேளை முடிந்துதான் போக வேண்டும்.

‘இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இருமொழியால் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மொழியை எடுத்துவிட்டால் நிச்சயமாக நடப்பது ஒன்றுதான், பாட்டியோடு பேச்சு நின்றுபோகும். ஆங்கிலம் மட்டும் என்று மாறிய வீடுகளில் பாட்டி தட்டு வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2 மார்ச், மதியம் 12.50

எஸ்இஎன் அதிகாரி பற்றி நிறையப் பேர் கேட்டதால்: முன்பு ஏஇடி (அலைட் எஜுகேட்டர்) என்று அழைத்தவர்கள்தான் இவர்கள். வகுப்புக்குள் வந்தும் உதவுவார்கள், தனியாகச் சிறு குழுவிலும் சொல்லித் தருவார்கள். இவர்களைத் தவிர, தேசியக் கல்விக்கழகத்தில் சிறப்புத் தேவை பற்றி 108 மணி நேரம் படித்து வந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள், தொடக்கப்பள்ளிகளில் 10 விழுக்காடு, உயர்நிலைப்பள்ளிகளில் 20 விழுக்காடு என்பது அமைச்சு வைத்த கணக்கு. தமிழ்த்துறையில் இரண்டு மூன்று பேர்தான் இருக்கும் பள்ளியில் அந்தப் பத்து விழுக்காட்டில் ஒரு தமிழாசிரியர் வருவாரா என்பது அதிர்ஷ்டம். அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வகுப்பில் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மொழி தெரியாததால் பாடத்தைக் கவனிக்க மாட்டார், பிள்ளையை மட்டும்தான் பார்ப்பார். எங்கள் பள்ளியில் அப்படி வந்தவர்தான் பிள்ளையை அலைக்கழித்தது மின்விசிறி சத்தம் என்று கண்டுபிடித்தார், எனக்கு அது காதிலேயே விழுந்ததில்லை.

தொடக்கநிலை ஒன்று போகும் பிள்ளை இருப்பவர்கள் ‘டிரான்சிட்’ பற்றிக் கேளுங்கள். சமூகப் பழக்கம், நடத்தை இரண்டிலும் சிரமப்படும் ஒன்றாம் நிலைப் பிள்ளைகளைச் சிறு குழுவாக வைத்து வரிசையில் நிற்பது, கோபத்தை அடக்குவது, உதவி கேட்பது எல்லாம் பழக்கும் திட்டம். 2026க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் என்று அறிவித்திருந்தார்கள்.

2 மார்ச், மதியம் 1.15

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மனப்பதற்றம், தன்னைத்தானே காயப்படுத்துவது போன்ற அறிகுறி இருந்தால் இந்த அட்டை, மணல் கடிகாரம் எல்லாம் போதாது. பள்ளி ஆலோசகரிடம் போங்கள், அவர் வழியாக ‘ரீச்’ என்ற குழு வரும், மனநலக் கழகத்தைச் சேர்ந்தது, 2007இலிருந்து பள்ளிகளோடு வேலை செய்கிறது. ‘பேப்பரில் ஏறிவிடும், பின்னால் தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவை) கேட்பார்கள்’ என்று தயங்கிப் பிள்ளையை இரண்டு வருடம் தவிக்கவிட்ட பெற்றோரைத் தெரியும். பையன் அதற்குள் பள்ளிக்கே வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

14 மார்ச், மாலை 5.05

விடுமுறை தொடங்கியாயிற்று, காபி கையில்.

உங்கள் செய்தியைப் படித்தேன் அம்மா. நண்பனோடு முன்னாலேயே கிளம்புவது நன்றாக ஓடுகிறது, பாய்க்குப் போவது குறைந்திருக்கிறது, ஆனால் அட்டை காட்டாமல் நேராகப் போகிறான் என்கிறார் ஆசிரியர். சரி, மேசைக்கு அடியிலிருந்து பாய்க்கு வந்ததே பெரிய விஷயம். அட்டையை அவன் மேசைக்குள் வைத்தால் அந்த நேரத்தில் தேட மாட்டான். கழுத்து நாடாவிலோ பென்சில் பெட்டி மூடியிலோ ஒட்டுங்கள். விடுமுறையில் பாட்டியோடு விளையாட்டாகப் பழகட்டும், தொலைக்காட்சி சத்தமாக இருக்கும்போது அட்டை காட்டினால் பாட்டி குறைக்க வேண்டும். பாட்டி நாடகத்தின் நடுவில் குறைப்பாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாம் தவணையில் கால அட்டவணை மாறலாம், இருக்கை மாறலாம். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பி, என்ன மாறுகிறது என்று கேட்டு அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

14 மார்ச், இரவு 9.30

ஆறாம் நிலைப் பெண்ணின் அம்மாவுக்கு, வாய்மொழித் தேர்வு பற்றி. காணொளி பார்த்துவிட்டு அறிமுகமில்லாதவர் முன்னால் பேச வேண்டும், கண் பார்த்துப் பேசாத பிள்ளைகளுக்கு அதுதான் மலை. கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகளுக்குத் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்திடம் பள்ளிதான் விண்ணப்பிக்கும். அறிக்கை பழையதாக இருந்தால் புதிது கேட்பார்கள், மருத்துவமனையில் நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும். விடுமுறை முடிந்த முதல் நாளே பள்ளிக்கு அழையுங்கள்.